படத்துக்குக் கொடுத்த வீடு

தகர டின்னைக் கம்பால் தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. தேயிலைக் கொழுந்து கிள்ளப் போகும் பெண்கள், வழியில் நிற்கும் யானை ஒதுங்கட்டும் என்று தட்டுவார்கள். ஒரு வருஷம் மட்டும் ஒரு ஆளுக்குப் பயந்து தட்டினார்கள். மூன்று பெண்கள் செத்த பிறகு போலீஸ் அவனைப் பிடித்தது. நாற்பது வருஷமாகிறது.

போன சித்திரையில் சூரியநெல்லிக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில் ஒரு ஜீப் வந்து நின்றது. சினிமாக்காரர்கள். மொத்தமே ஆறு பேர், ஒரு கேமரா. படத்தின் பெயர் 'ரத்தக் கொழுந்து'. டைரக்டர் ஷஹீர், பாலக்காட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பிள்ளை.

"உண்மைச் சம்பவமுங்க. பழைய பேப்பர்ல படிச்சேன். பேரு போடலீங்க, செடி கவாத்து வெட்டற ஆளுன்னு மட்டும் இருந்துச்சு. இந்த லயத்துலதான் குடியிருந்தானாமா. எந்த ஊடுன்னு தெரிஞ்சாப் போதுமுங்க, அங்கயே எடுத்தர்லாம். போஸ்டர்லயும் அதே ஊடுதான்."

லயத்தில் வரிசையாக ஆறு வீடுகள். அந்தக் காலத்து ஆட்கள் ரிட்டயராகி போடிக்கும் தேனிக்கும் இறங்கிவிட்டார்கள். பாதி வீடுகளில் இப்போது ஜார்க்கண்ட்காரர்கள்.

"ஏனுங்க டீச்சர், உங்களுக்குத் தெரியுமுங்களா?"

எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ரிட்டயரானவள் நான். வயதாகிவிட்டது, ஞாபகமில்லை என்றேன்.

ஷஹீர் ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனான். கடைசி வீட்டு வாசலில் இந்து துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் அவன் வாய் திறக்கும் முன் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, இங்கிட்டு வாங்க. எங்க வீடுதான் அது."

பிச்சைமணி. ரெண்டாவது வீட்டுக்காரர். எஸ்டேட் சூப்பர்வைசர்.

"அந்த ஆளு ஜெயிலுக்குப் போன பெறகு எங்கப்பாவுக்கு ஒதுக்குன வீடு. தாராளமா எடுங்க."

ஷஹீர் ஆட்களைக் கூப்பிட ஜீப்புக்குப் போனதும், உள்ளேயிருந்து அவர் மனைவி ராமுத்தாய் வந்தாள்.

"ஏன்யா, உங்கப்பா கல்யாணம் முடிச்சதே இந்த வீட்டுலன்னுதானே உங்காத்தா சொல்லும்? எதுக்கு இந்தப் பொய்?"

"நீ சும்மா இரு. போஸ்டர்ல வீடு வருதுல்ல."

படப்பிடிப்பு ஒரு வாரம் நடந்தது. மறையூர் வெல்லத்தைக் காய்ச்சிச் சிவப்புப் பொடி கலந்து ரத்தம் செய்தார்கள். வாசற்படியெல்லாம் எறும்பு. கத்தியோடு கதவைத் திறக்கும் கை மட்டும் ஒரு காட்சியில் தனியாக வரும். அதற்கும் பிச்சைமணியே கையை நீட்டினார்.

"நம்ம சூப்பர்வைசருக்கு இந்த வயசுல நடிப்பு ஆசை வந்திருச்சு" என்று கொழுந்து எடை போடும் இடத்தில் சிரித்தார்கள்.

படம் தியேட்டரைப் பார்க்கவில்லை. நேராக போனில் வந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த மாதமே, அவர் மகள் செல்வப்பிரியாவுக்கு நிச்சயம் பேச மறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். ஜீப்பை விட்டு இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா வாசற்படியைப் பார்த்தாள். பொடியின் சிவப்பு சிமெண்டில் ஊறிப்போயிருந்தது. படியேறாமல் நின்றாள்.

"பொண்ணு மேல குறையில்ல, மதினி. ஆனா அந்தப் படத்தப் பாத்ததுலருந்து எங்களுக்கு மனசு ஒப்பல. கொலகாரன் பொழங்குன வீட்டுல எப்படிக் கை நனைக்கிறது?"

"ஐயோ, அவன் வீடு இது இல்ல. எங்க வீட்டுக்காரரு சும்மா சொன்னது. நீங்களே சொல்லுங்கய்யா."

எல்லோரும் பிச்சைமணியைப் பார்த்தார்கள். செல்வப்பிரியா காபித் தட்டோடு கதவருகே நின்றாள்.

பிச்சைமணி செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இதே வீடுதான்."

அவர்கள் காபி குடிக்காமல் கிளம்பினார்கள். ராமுத்தாய் அழவில்லை. "போஸ்டர்ல வீடு வந்திருச்சு. இனி அதையே கட்டிக்கிட்டு அழு" என்று உள்ளே போனாள். மகள் அப்பாவிடம் பேசுவதை நிறுத்தினாள்.

கடைசி வீட்டிலிருந்து இந்து வந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் லயம் முழுக்கக் கேட்கும்.

"ஏன் மாமா, ஊர்ல பேரு வாங்க வேற வழியே இல்லையா? பெத்த பொண்ணு வாழ்க்கைய விடவா சினிமா பெருசு? எங்கப்பாவ நான் பாத்ததில்ல, கைப்பிள்ளையா இருக்கையிலயே யானை மிதிச்சிருச்சு. அவரு இருந்த வீடுன்னுதானே எங்கம்மா அவரு வேலையில சேந்து சாகுற வரைக்கும் இந்த வீட்டக் காப்பாத்துனாங்க. அந்த மனுசன் உசுரோட இருந்தா இப்படிச் செஞ்சிருப்பாரா?"

பிச்சைமணி தலையாட்டினார்.

"மாட்டாரு தாயி. அவரு நல்ல மனுசன்."

இந்துவின் மகன் கிரிக்கெட் மட்டையோடு பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "எங்க தாத்தாதான் மாஸ்" என்றான். அவன் முதுகில் ஒன்று வைத்து வீட்டுக்கு இழுத்துப் போனாள்.

இப்போதெல்லாம் மூணாறிலிருந்து டூரிஸ்ட் ஜீப்புகள் வருகின்றன. பிச்சைமணியின் வாசலில் நின்று, முகத்தைப் பயந்ததுபோல் வைத்துக்கொண்டு, செல்ஃபி எடுத்துக்கொள்கிறார்கள். செல்வப்பிரியாவுக்கு இன்னும் வரன் அமையவில்லை. ராமுத்தாய்க்காகப் பரிதாபப்பட்டு ஜீப்புகளை விளக்குமாறோடு விரட்டுவது இந்துதான்.

நேற்று அவள் விரட்டிக்கொண்டிருந்தபோது நானும் பிச்சைமணியும் ரோட்டோரம் நின்றிருந்தோம்.

"ராமுத்தாயிடமாவது சொல்லியிருக்கலாம்" என்றேன்.

"அவ வாயில நிக்காது டீச்சர். இப்ப இங்கன வெவரம் தெரிஞ்சது நாம ரெண்டு பேருதான். நாம போயிட்டா அதுவும் முடிஞ்சது."

இந்துவின் அப்பாவை யானை மிதிக்கவில்லை. ஜெயிலில், மஞ்சள் காமாலை வந்து செத்தார்.