மிருகத்துக்கு முதல் மீன்

ஏரி மிருகம் கணவனைப் பரிசலோடு விழுங்கியதிலிருந்து, வலையில் விழும் முதல் மீனை அதற்கே வீசிவந்தாள் பச்சியம்மாள். "எம் பையனயாச்சும் உட்டுரு சாமி." மிருகத்தை முதலில் பார்த்தவன் கொழுந்தன் மாதையன். பனைமர உயரத்துக்குக் கழுத்து என்றான். பிறகு ஊரில் பலரும் பார்த்தார்கள். சிலருக்கு வால் மட்டும் தெரிந்தது.

இந்தக் கோடையில் ஏரி வற்றியது. மிருகத்தின் எலும்பைத் தேடி எல்லாரும் சேற்றில் இறங்கினார்கள். பச்சியம்மாளின் காலில் பரிசல் இடறியது. அதனுள் மனித எலும்புகளோடு சேர்த்து ஓர் அம்மிக்கல் கட்டியிருந்தது. அவள் வீட்டு அம்மி. "உடைஞ்சிருச்சு அண்ணி, தூக்கி வீசிட்டேன்" என்று கணவன் காணாமல்போன வாரம்தான் மாதையன் சொல்லியிருந்தான்.

சேற்றை வழித்துப் பார்த்தாள். கல்லில் ஒரு கீறல்கூட இல்லை.

முதுகுக்குப் பின்னால், மிக அருகில், மாதையனின் குரல் கேட்டது.

"மேல வாங்க அண்ணி. மிருகம் இங்கதான் எங்கியோ இருக்குது."