கருப்பன் ஒத்துக்கொண்டது

மின்விசிறிக் காற்று பட்டாலே வலிக்கிறது என்று கருப்பன் வலது பாதத்தை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டான்.

கட்டைவிரல் மறுபடியும் சிவந்து வீங்கியிருந்தது.

போன மாதமும் இதே வீக்கத்தோடுதான் திருவிடந்தையிலிருந்து இந்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வந்திருந்தான். ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடியிருந்தது. குடியை விடாமல் இது போகாது என்றாள் டாக்டர் சங்கரி. தான் தொடுவதே இல்லை என்றான் அவன்.

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள் என்று சங்கரி சிரித்தாள்.

கூட வந்திருந்த அவன் மனைவி செங்கம்மாள் சிரிக்கவில்லை. மகள் சிநேகா பிறந்தபோது, இனிக் குடிப்பதில்லை என்று குழந்தையின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்தவன் அவன். டாக்டர் அப்படிச் சொன்ன அன்றே செங்கம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

குடித்ததை அவன் ஒத்துக்கொண்ட பிறகுதான், போன வாரம் மன்னித்துத் திரும்பி வந்தாளாம். இதையெல்லாம் இன்றும் கூட வந்திருந்த செங்கம்மாளே இப்போது சொன்னாள். சொல்லிவிட்டு, மறுபடியும் குடித்திருக்கிறானா என்று கேட்டாள்.

கருப்பன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாரா என்று சங்கரி கேட்டாள். போன மாதம் அவள் கேட்காத கேள்வி.

சட்டைப் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினான். "பிரஷருக்கு நீங்க எழுதிக் குடுத்ததுதாம்மா. ஒரு நாளுகூட வுட்டதில்ல."

சிறுநீரை அதிகமாகப் போகவைத்து ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் மாத்திரை. சிலருக்கு யூரிக் அமிலத்தை ஏற்றிவிடும். அவள் படித்ததுதான். பரீட்சையில் எழுதியதுகூடத்தான்.

சங்கரிக்குக் காது சுட்டது. அட்டையைத் தன் மேசைக்குள் போட்டுக்கொண்டு, வேறு மாத்திரை எழுதினாள். எழுதி முடித்தும் பேனாவை வைக்கவில்லை. செங்கம்மாள் பதிலுக்காக நின்றிருந்தாள்.

இது குடியால் வந்ததில்லை, தான் கொடுத்த மாத்திரையால் வந்திருக்கிறது என்றாள் சங்கரி. போன மாதமும் அப்படித்தான் இருக்க வேண்டும். விசாரிக்காமல் சொன்னது தன் தப்பு என்றாள்.

செங்கம்மாள் அவளைத் திட்டவில்லை. மெல்லப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"அப்புறம் இன்னாத்துக்குய்யா குடிச்சேன்னு ஒத்துக்கின?"

கருப்பன் நாற்காலிக்கு அடியிலிருந்து பாதத்தை மெல்ல வெளியே எடுத்தான்.

"குடிக்கலன்னு சொன்ன வரைக்கும் நீ வூட்டுக்கு வரலியே."