அப்பா கூப்பிடும் பேர்

போடியில் கிங்ஸ்லியின் கம்ப்யூட்டர் கடை. பொன்னுராஜ் கொண்டுவந்த கம்ப்யூட்டர் ‘தேவயானி’ என்று காட்டி, பாஸ்வேர்டு கேட்டது.

“செகண்ட் ஹேண்டாண்ணே?”

“ஆமாப்பா.”

“அப்ப பழைய ஆளு அக்கவுண்டு. அழிச்சிட்டுப் புதுசு போட்டுறலாம்.”

“அழிச்சிறாத. தொறந்து மட்டும் குடு.”

“அந்தப் பிள்ளைட்டயே கேட்டா என்ன?”

“அது செத்துப்போச்சு.”

கிங்ஸ்லி பாஸ்வேர்டு கட்டத்தின் பக்கத்திலிருந்த கேள்விக்குறியை அழுத்தினான். குறிப்பு வந்தது: ‘அப்பா என்னைக் கூப்பிடும் பேர்.’

தங்கம், குட்டி, கண்ணு என்று அடித்துப் பார்த்தான். எதற்கும் திறக்கவில்லை.

“அவுக அப்பாவத்தேன் கேக்கணும்ணே.”

பொன்னுராஜ் கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். ஒவ்வோர் எழுத்தாகத் தேடி, ‘சனியனே’ என்று அடித்தார்.

திறந்துகொண்டது. திரை முழுக்க, பொன்னுராஜின் தோளில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள் சின்னத் தேவயானி.