தோண்டிப் பார்க்காத வாளி

"தினமும் தோண்டிப் பார்த்தா எந்த விதை மாமா முளைக்கும்?"

"தோண்டலைம்மா, லேசா மண்ணை..."

"லேசாவா? கையில ஸ்பூன் இருக்கு, நகமெல்லாம் மண்ணு."

"ஒதுக்கித்தான் பார்த்தேன். உள்ள என்ன நடக்குதுன்னு தெரிய வேண்டாமா?"

பால்கனியில் மாமனார் உட்கார்ந்த வாக்கிலும், மருமகள் இடுப்பில் ஈரத்துணி வாளியோடு நின்ற வாக்கிலும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரமாக இதே பேச்சுதான்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் லேத் பட்டறையில் இருந்தவர். வேலை முடிந்து மகன் வீட்டுக்கு வந்த பிறகு பழமரம் வளர்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. சாப்பிட்ட பழத்தின் விதை எதையும் குப்பைக்குப் போகவிடமாட்டார். பலா, சீத்தா, அவகாடோ, கொய்யா என்று பால்கனி முழுக்கத் தொட்டிகள். போட்ட மறுநாளே விதையை வெளியே எடுத்து, பட்டறையிலிருந்து கொண்டுவந்த வெர்னியர் அளவுகோலால் அளப்பார். "விரிசல் அரை மில்லிமீட்டர்" என்று சமையலறைக்குக் கேட்கும்படி அறிவிப்பார். முளை விட்டால் அதையும் எடுத்து அளப்பார். முளை ஒடிந்துவிடும். இப்படியே பத்துத் தொட்டியில் ஒன்பது காலி. மிச்சம் ஒரு நீல வாளி. அதில் நேற்றுதான் ஒரு மாங்கொட்டையை ஓடு நீக்கி, பருப்பை மட்டும் புதைத்திருந்தார்.

கூடத்தில் புது வாஷிங் மெஷின் அட்டைப்பெட்டியைவிட்டு வெளியே வராமல் நின்றது. குழாயும் தண்ணீர் போகிற வழியும் பால்கனியில் மட்டும்தான். மருமகளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலை முழுக்க ஊசி பிடித்த கையோடு வந்து துணி துவைத்தால், மணிக்கட்டு வீங்கிப்போகிறது. வாரக் கடைசியில் மட்டும் வீட்டுக்கு வரும் மகனைக் கேட்டார்கள். உங்க ரெண்டு பேருக்கு நடுவுல நான் வரலை என்று அவன் போனை வைத்துவிட்டான்.

கடைசியில் மாமனாரே ஒரு வழி சொன்னார். நீல வாளி இந்த மாதக் கடைசிக்குள் முளைத்தால் தொட்டிகள் இருக்கட்டும். முளைக்காவிட்டால் எல்லாவற்றையும் அவரே கீழே இறக்கிவிடுவார், மெஷின் அங்கே வரட்டும். மருமகள் சரி என்றாள். ஆனால், வாளியில் ஸ்பூன் படக்கூடாது என்று அவளும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"சொன்னா சொன்னதுதான்" என்றார் அவர். பிறகு, யாருக்கோ சொல்வதுபோல், "காலையில எந்திரிச்சா போய்ப் பார்க்க ஒண்ணு வேணும்ல" என்றார்.

மருமகள் துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

மனிதர் சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதுபோல்தான் இருந்தது. வெர்னியர் அதன் பெட்டிக்குள் போயிற்று. ஸ்பூன் சமையலறைக்குத் திரும்பியது. தினமும் விடிந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டு, வாளிக்கு எதிரே முக்காலி போட்டு உட்காருவார். கை துருதுருங்குதா மாமா என்று அவள் சீண்டினால், தலையை மட்டும் ஆட்டுவார். நாள் ஆக ஆக அந்தத் தலையாட்டலும் குறைந்தது. சாப்பாட்டில் உப்பு அதிகம், புளி குறைவு என்று குற்றம் சொல்வதையும் விட்டுவிட்டார். அதுதான் அவளுக்கு என்னவோ போல் இருந்தது.

இருபதாம் தேதி வாக்கில் அவளே பேச்சை எடுத்தாள். வேலைக்குப் போகிற வழியில் நர்சரி இருக்கிறது, வளர்ந்த கன்றாகவே ஒன்று வாங்கி வரட்டுமா என்று கேட்டாள்.

"அது கடைக்காரன் வளர்த்ததும்மா" என்றார் அவர். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இருபத்தேழாம் தேதி காலை, வாளியின் நடுவே மண் பிளந்திருந்தது. செம்பு நிறத்தில், சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு முளை தலை நீட்டியிருந்தது. மாமனார் டம்ளரைப் பிடித்தபடி நின்றார். தண்ணீர் ஊற்றவும் மறந்துவிட்டார்.

தலை பின்னிக்கொண்டே வந்த மருமகள் எட்டிப் பார்த்தாள். "வந்துடுச்சே மாமா. ஜெயிச்சிட்டீங்க. இனிமே பால்கனி உங்க ராஜ்ஜியம்."

அவர் முளையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் முளையைப் பார்த்தார். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டது என்று அவள் கேலி செய்துவிட்டு உள்ளே போனாள். பின்னியும் பின்னாததுமாகக் கடைக்குப் போன் போட்டாள். ஆமாம், மெஷின்தான், வைக்க இடமில்லை, பெட்டியைக்கூடப் பிரிக்கவில்லை, இன்றைக்கே ஆள் அனுப்பி எடுத்துக்கொண்டால் நல்லது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். பேசும்போது வலது மணிக்கட்டை இடது கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது. அந்த இடது கை நகக்கண்ணில் ஈர மண் ஒட்டியிருந்தது.

மாமனார் பால்கனி வாசலில் வந்து நின்றார்.

"போனை வைம்மா, மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றார். "நீ தோண்டாதேன்னு சொன்னியே, அன்னைக்கு சாயங்காலமே நான் அதைத் தோண்டிட்டேன். பருப்பு ரெண்டா ஒடிஞ்சிடுச்சு, தூக்கி எறிஞ்சிட்டேன். உன்கிட்ட சொல்ல வெட்கப்பட்டுக்கிட்டு, மாசம் பூரா வெறும் மண்ணுக்குத்தாம்மா தண்ணி ஊத்திட்டு இருந்தேன்."