தகப்பனார் பெயர்

எழுபதாம் வருடம், கல்கத்தா கார்டன் ரீச்சில் ஒரு சணல் ஆலை. தற்காலிக ஆட்களை நிரந்தரமாக்கக் கோரிய வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாள். வாசலில் கொடியோடு நிமிர்ந்து நின்றார் காத்தமுத்து. அவர் பரம்பரையில் கருங்காலி என்று பெயர் வாங்கியவர் எவருமில்லை.

குமாஸ்தா கோஷால்பாபு வருகைப் பதிவேட்டோடு வந்தார்.

"நீ இங்கே கொடி பிடி. உன் அப்பா தினமும் வேலைக்கு வருகிறாரே!"

"என்னண்ணே, பெரியவரே கருங்காலியா?" என்று சிரித்தான் பக்கத்திலிருந்த பரமன்.

காத்தமுத்துவுக்குப் புரிந்தது. வேலையில் சேர்ந்த அன்று குடும்பப் பெயர் கேட்டார்கள். அவர் தகப்பனார் சடையாண்டியின் பெயரைச் சொன்னார். எழுதியவர் இரண்டு ஆளாக எழுதிவிட்டார்.

"எங்கப்பா செத்துப் பதினாலு வருஷமாச்சு, பாபு."

கோஷால்பாபு பதிவேட்டை விரித்தார். சடையாண்டி என்ற பெயருக்கு நேரே பத்தொன்பது கைநாட்டுகள். ஒவ்வொன்றிலும் அப்பாவின் கட்டைவிரலில் இருந்த அதே வெட்டுத் தழும்பு. கடைசிக் கைநாட்டில் மை காயவில்லை.

காத்தமுத்து தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கம்பிக் கதவருகே போனார். அப்பாவிடம் அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை.

"அப்பா! வேலையை நிறுத்திட்டு வெளியே வாங்க!"

உள்ளே ஓடிக்கொண்டிருந்த ஒரே ஒரு தறி நின்றது.