கழிப்பறை வாசலில் இருவர்

"இன்னுமா உட்கார்ந்திருக்கீங்க? சீக்கிரம் போங்க!" லோரீன் கணவனைப் பிடித்துத் தள்ளினாள்.

"இப்பதானேடி போயிட்டு வந்தேன்!" என்றான் வென்டெல்.

"போயிடுங்கண்ணே, உங்களால நம்ம டீமுக்கே கஷ்டம்," என்று பின்வரிசைக்காரன் கெஞ்சினான்.

கல்லூரிகளுக்கிடையிலான அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இழுபறியில் கிடந்தது. நீலச் சட்டை வென்டெல் முனகிக்கொண்டே ஸ்டேடியத்தின் கழிப்பறைக்கு நடந்தான். வாசலில், எதிரணியின் சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் சுவரில் சாய்ந்து நின்றான்.

"உள்ளே ஆளா?"

"காலிதான். நான் சீட்டுல உட்கார்ந்தா எங்க டீம் தோத்துடுமாம். பொண்டாட்டி துரத்திட்டா."

வென்டெலின் முகம் மலர்ந்தது. "எனக்கும் அதே கதிதான்!"

மறுபடியும் சமநிலை, மூன்றாவது கூடுதல் நேரம் என்று ஒலிபெருக்கி அலறியது.

"நாம ரெண்டு பேரும் வெளியே நிக்கிறவரைக்கும் இது முடியாது," என்றான் சிவப்புச் சட்டைக்காரன். "வாங்க, நிதானமா ஹாட் டாக் சாப்பிடலாம்."