திட்டப் போன மோதினார்

ரமலான் மாதம். பட்டப்பகல். மாடியில் குடியிருக்கும் பாதிரியார் வீட்டிலிருந்து கத்திரிக்காய் வறுக்கும் வாசனை கராக் நகரத்துத் தெரு முழுக்க வீசியது.

வீட்டுக்காரர் அபூ நவ்வாஃபுக்கு வயிறு எரிந்தது.

"ஊரே நோன்பு. இந்த ஆள் தினமும் வறுக்குறான்," என்றாள் எதிர்வீட்டு உம்மு ராகான். "நீங்களும் வாடகைக்கு விட்டுட்டு வேடிக்கை பார்க்கறீங்க."

"மோதினார்தான் தினமும் போய்த் திட்டறாரே."

"திட்டி என்ன ஆச்சு? நேத்து முட்டையும் சேர்ந்துடுச்சு."

மாடியில் மோதினார் இத்ரீஸின் குரல் இடித்தது. பாங்கு சொல்லிப் பழகிய தொண்டை. "வெட்கமா இல்லையா உனக்கு?"

"பாவம், நோன்பு வாயோட கத்தறார்," என்றாள்.

இன்றே காலி பண்ண வைப்பது என்று மாற்றுச் சாவியோடு படியேறினார் அபூ நவ்வாஃப். கதவைத் திறந்தார்.

மேஜைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார் மோதினார். வாயில் ரொட்டி. முன்னால் முட்டை, கத்திரிக்காய். பக்கத்தில் இன்சுலின் ஊசி. பாதிரியார் ஆந்தர்ஸ் கரண்டியோடு அடுப்படியில்.

மோதினார் விழுங்கினார். ஜன்னல் பக்கம் திரும்பி, "அல்லாஹ்வுக்குப் பயப்படு," என்று ஒரு சத்தம் போட்டார். பிறகு குரல் தணிந்தது. "உட்காரு, அபூ நவ்வாஃப். சர்க்கரை வியாதி. நோன்பு கூடவே கூடாதுன்னுட்டார் டாக்டர்."

"நோயாளியை வேதமே விட்டுடுதே, ஷேக். உங்க வீட்டுலயே சாப்பிடலாமே."

"வேதம் விடுது. உம்மு ராகான் விடுவாளா?"

அபூ நவ்வாஃப் யோசித்தார். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து மேஜையில் வைத்தார்.

"அல்சர். வெறும் வயித்துல போடக்கூடாதாம். காலையிலேர்ந்து சுமந்துக்கிட்டுத் திரியறேன்."

பாதிரியார் இன்னொரு தட்டு வைத்தார். "உப்பு சரியா இருக்கா?"

"நேத்தைக்கு இன்னிக்குப் பரவாயில்லை," என்றார் மோதினார்.

இரண்டாவது ரொட்டியில் அபூ நவ்வாஃபுக்குக் கவலை வந்தது. "காலி பண்ண வைக்கறேன்னு வந்தேன். கீழே என்ன சொல்றது?"

"ஒரு நாள்ல திருந்தற ஆள் இல்லை, நாளைக்கும் வந்து திட்டணும்னு சொல்லு. உனக்கும் நல்ல தொண்டைதான்."

அப்போதுதான் அபூ நவ்வாஃப் கவனித்தார். பாதிரியாருக்குத் தட்டு இல்லை.

"நீங்க சாப்பிடலையா?"

"நான் நோன்பு," என்றார் பாதிரியார். "முஸ்லிம்களைப் புரிஞ்சுக்கணும்னா, அவங்க செய்யறதையெல்லாம் நீயும் செய்னு சபையில சொல்லி அனுப்பினாங்க."